வெட்டிய அடிக்குறிப்பு

போபோடி, புணே
21 ஏப்ரல் 2025, திங்கள்

மேரிக்கு,

தாளின் தலையில் சிலுவைக் குறி போடாமல் நான் எழுதும் முதல் கடிதம் இது. போட மனம் வரவில்லை. ஈஸ்டர் வாழ்த்தும் கிடையாது. மூன்று நாளாக உன் போனை நான் எடுக்கவில்லை என்று என் பையன் தினேஷிடம் குறைபட்டுக்கொண்டாயாம். எடுக்க மாட்டேன். போனில் நீ வகுப்பு எடுப்பாய், நான் நடுவில் கத்துவேன், கடைசியில் யார் என்ன சொன்னோம் என்றே நிற்காது. எழுத்தில் என்றால் நாளைக்கு நீயும் மாற்றிச் சொல்ல முடியாது, நானும் மாற்றிச் சொல்ல முடியாது. எழுது.

நடந்ததைக் கேள். பெரிய வெள்ளியன்று சாயங்காலம் நம் தமிழ்ச் சபையில் வியாகுலப் பிரசங்கம் வாசித்தேன். நீ இங்கிருந்து திருச்சிக்குப் போய் முப்பது வருஷம் ஆகிவிட்டதால் ஞாபகப்படுத்துகிறேன்: ஏழு பகுதி, ஒவ்வொன்றையும் இழவு வீட்டு ராகத்தில் இழுத்து வாசிக்க வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் ஜனங்கள் ஒரு பாட்டுப் பாடுவார்கள், அந்த நேரத்தில் வாசிக்கிறவனுக்கு யாராவது வெந்நீர் கொடுப்பார்கள். இருபத்தாறு வருஷமாக எனக்குக் கொடுத்தவள் உன் அண்ணி ராஜி. போன நவம்பரில் அவள் போய்விட்டாள். போகும் முன்பு ரோஹிணியிடம் சொல்லி வைத்திருக்கிறாள், "அந்த மனுசனுக்கு நாலாவது பகுதியிலயே தொண்ட கட்டிக்கும். இந்த வருசம் நீ போயி தண்ணி குடுடி" என்று. எனக்கு இது தெரியாது.

ரோஹிணி வந்தாள். ராஜியின் பழைய பிளாஸ்கில் சீரக வெந்நீர் ஊற்றிக்கொண்டு, பெண்கள் பக்கம் முதல் வரிசையில், ராஜி உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்தாள். அந்த வாரம் அவர்களுக்கும் பண்டிகை, மேரி. புளித்த மாவு என்று வீட்டுக்குள் பாவ் ரொட்டி நுழையாத வாரம். எகிப்திலிருந்து வெளியே வந்ததை நினைத்து அவர்கள் கொண்டாடும் அந்த வாரத்தில் இந்த ஊர் மராட்டி யூதப் பெண் ஒருத்தி தன் வேலையை விட்டுவிட்டு நம் கோயிலில் வந்து உட்கார்ந்தாள், செத்துப்போன தோழிக்குக் கொடுத்த வாக்குக்காக.

நம் பழைய நோட்டில் நான்காம் பகுதியைப் பூச்சி அரித்துவிட்டதால் நீ கிரேக்கத்திலிருந்து தமிழாக்கி அனுப்பிய பக்கங்களை அந்த இடத்தில் வாசித்தேன். அதுதான், உன் நான்காம் நூற்றாண்டு அந்தியோக்கியா பிரசங்கி. மூன்றாம் பகுதி முடிந்து அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். குடித்த தொண்டையோடு உன் தாளை எடுத்து ராகம் போட்டு வாசித்தேன். யூதர்களின் ஜெபக்கூடத்தை அவன் என்னவென்று சொல்கிறான் என்று உனக்குத் தெரியும். கள்வர் குகை என்பதுதான் அதில் கொஞ்சம் மரியாதையான சொல். அவர்களை வேலைக்கு உதவாத மிருகம், வெட்டத்தான் லாயக்கு என்கிறான். இதை இருநூறு பேருக்கு முன்னால், மைக்கில், அழுதுகொண்டே வாசித்தேன். எனக்கே கண்ணீர் வந்தது. சனியன், அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாய்.

போபோடி சந்தில் நம்மோடு பாண்டி ஆடி வளர்ந்தவள் அவள். எனக்குத் தெரிந்த தமிழ் அத்தனையும் அவளுக்கும் தெரியும். ஒரு சொல் விடாமல் கேட்டாள். முடிந்ததும் எழுந்து வந்தாள், மூடியில் தண்ணீர் ஊற்றினாள், மேடையின் ஓரத்தில் வைத்தாள், போய்விட்டாள். கையில் கொடுக்கவில்லை. ஐந்தாம் பகுதி தொடங்கும்போதுதான் அந்த இடத்தில் பிளாஸ்க் மட்டும் இருந்ததைப் பார்த்தேன்.

அன்று மதியம் மூன்று மணிக்கு அதே கோயிலில் யூத மக்களுக்காக மரியாதையாக மன்றாடினோம். திருச்சபைத் தலைமை அப்படித்தான் வேண்டச் சொல்லி அறுபது வருஷம் ஆகிறது. மூன்று மணிக்கு மன்றாட்டு, ஆறு மணிக்குச் செருப்படி.

ராஜியின் கடைசி நான்கு மாதமும் டியூட்டி முடிந்து நேரே இங்கே வந்து அவளைக் குளிப்பாட்டியவள் ரோஹிணி. நீ ஆராய்ச்சிக் கட்டுரை இருக்கிறது என்று இரண்டு நாள் வந்துவிட்டுப் போனாய். ஏன் எனக்கு இதை அனுப்பினாய்? பதில் எழுது.

சேவியர்

*

திருச்சி
26 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கோபம் புரிகிறது. ரோஹிணிக்காக எனக்கும் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் எல்லாப் பழியையும் திருச்சிக்குப் பார்சல் பண்ணிவிட்டு நீ கையைத் துடைத்துக்கொள்வதை ஏற்க முடியாது.

நான் அனுப்பியது பதினொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கீழே அடிக்குறிப்பு இருந்தது. மொத்தம் பதினேழு. அவற்றில் ஒன்றையாவது வாசித்தாயா? குறிப்பு இல்லாமல் அந்தப் பிரசங்கத்தை வாசிப்பது, மருந்து பாட்டிலில் சீட்டைக் கிழித்துவிட்டுப் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுப்பதைப் போன்றது. ஊற்றியவன் நீ.

குறிப்புகளில் இருந்ததை மறுபடி சொல்கிறேன், உனக்குப் பொறுமை இருந்தால் கேள். அந்தியோக்கியாவில் அன்று யூதர்கள் செல்வாக்கானவர்கள், பழைய குடிகள். கிறிஸ்தவர்களுக்கு அதிகாரம் கைக்கு வந்து அப்போது இரண்டு மூன்று தலைமுறைதான் ஆகியிருந்தது, அதுவும் நிலைக்குமா என்ற பயம் இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்புதான் ஒரு பேரரசன் கிறிஸ்தவத்தை விட்டு விலகி, எருசலேம் ஆலயத்தை யூதர்களுக்குக் கட்டித் தருகிறேன் என்று கிளம்பியிருந்தான். இன்னொரு பக்கம், இந்தப் பிரசங்கியாரின் சொந்த ஜனங்களே யூதர்களின் பண்டிகைக்குப் போனார்கள், அவர்களோடு நோன்பு இருந்தார்கள், சத்தியம் செய்ய வேண்டுமென்றால் ஜெபக்கூடத்தில் போய்ச் செய்தார்கள், வியாதிக்கு அங்கே போய் நேர்ந்துகொண்டார்கள். அவர் யூதர்களைப் பார்த்துப் பேசவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த தன் ஆட்களைப் பார்த்துப் பேசினார். வசை பாடுவது அந்தக் காலத்துப் பேச்சுப் பள்ளிகளில் பாடமாகவே இருந்தது. எதிராளியை மிருகம் என்பதும் கள்வன் என்பதும் எல்லோரும் எல்லோரையும் சொன்னதுதான். யூதர்கள் கிறிஸ்தவர்களைச் சொன்னார்கள், கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரு மனிதரை அவர் காலத்தில் நிறுத்தித்தான் எடைபோட வேண்டும் என்கிறேன். இருபது வருஷமாக என் மாணவர்களுக்கு நான் சொல்லித் தருவது இதைத்தான். இன்றைய கோபத்தை எடுத்துக்கொண்டு போய் நான்காம் நூற்றாண்டின் கதவைத் தட்டக் கூடாது.

தவிர, நான் அதை அனுப்பியது நீ தனியாக உட்கார்ந்து படிக்க. கோயிலில் வாசிக்க அல்ல. வாசிக்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன்?

ராஜி அண்ணியின் விஷயத்தை ஏன் இதில் இழுக்கிறாய்? இரண்டு நாள்தான் வந்தேன். அது எனக்கும் தெரியும். தினமும் தெரியும்.

என் பக்கங்களைத் திருப்பி அனுப்பு. ஜூலையில் புத்தகமாக வருகிறது, அச்சுக்குப் போகும் முன்பு சரிபார்க்க வேண்டும்.

மேரி

*

போபோடி
5 மே 2025

மேரி,

உன் வகுப்பு முடிந்ததா? இப்போது நான் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, சரி, படித்தவள் சொல்கிறாள், இதில் விஷயம் இருக்கும் என்று நினைத்து, போன புதன்கிழமை உன் குறிப்புகளை எடுத்துக்கொண்டு ரோஹிணி வீட்டுக்குப் போனேன். பிளாஸ்கையும் கொண்டு போனேன். அவள் யூனிபாரம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து என்னை மராட்டியில் அண்ணன் என்று, பாவூ, பாவூ என்று கூப்பிட்ட வாய்.

"ரோஹிணி, அதுக்கு ஒரு வெளக்கம் கீது. எந்தங்கச்சி எழுதிருக்கா. படிக்கட்டுமா?"

"படி."

நின்றபடியே படித்தேன். அந்தியோக்கியா, பேரரசன், பேச்சுப் பள்ளிக்கூடம், எல்லாம். அவள் கை நிற்கவில்லை, சட்டையின் காலரை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தினி வருசத்துக்கு மின்னாடின்னு சொன்ன?"

"ஆயிரத்து அறுநூறு இருக்கும்."

"நான் கேட்டது இந்த மாசம், சேவியர்."

சேவியர் என்றாள். உன் குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவளே பேசினாள்.

"அந்த ஆளு யாருன்னு எனக்கு இன்னாத்துக்கு? செத்துட்டான். நான் அவங்கிட்டயா கோவிச்சுக்க முடியும்? வாசிச்சது உங்கொரலு. நான் குடுத்த தண்ணி உள்ள எறங்கறதுக்குள்ள வாசிச்ச. பக்கத்துல ஒக்காந்திருந்த பொம்பளைங்க அத்தினி பேரும் அழுதாங்க. எனக்கு எங்க பாக்கறதுன்னு தெரியல. ராஜி இருந்தா எழுந்து வந்து மைக்கப் புடுங்கியிருப்பா."

"மன்னிச்சுக்கோ."

"இப்ப இங்க வந்து, கதவ சாத்திக்கினு, எனக்கு மட்டும் படிக்கற. எனக்கா தெரியாது? எங்க ஆளுங்க கெட்டவங்க இல்லன்னு எனக்குப் படிச்சுக் காட்டணுமா? கேட்டவங்க இருநூறு பேரு. போயி அங்க படி. அதே மைக்கு, அதே ராகம். பொறவு என் வூட்டுக்கு வா."

பிளாஸ்கை நீட்டினேன். வாங்கவில்லை. "அது ராஜியோடது, எடுத்துட்டுப் போ" என்றாள்.

திரும்பி நடந்து வரும்போது உன் மூன்றாம் குறிப்பு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பண்டிகைக்குப் போனார்கள், நேர்ந்துகொண்டார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அது. ரயில்வே கேட் தாண்டும்போது சட்டென்று உறைத்தது. ராஜிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. ரோஹிணியின் அம்மா வீட்டில் எலியா தீர்க்கதரிசி பெயரைச் சொல்லி மலிதா படைப்பார்கள் அல்லவா, ஊறவைத்த அவலில் தேங்காயும் சர்க்கரையும் போட்டுப் பழங்களோடு வைப்பார்களே, அங்கே போய்த்தான் நேர்ந்துகொண்டாள். மறு வருஷம் தினேஷ் பிறந்தான். அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் வருஷம் தவறாமல் போனாள். நானும் போயிருக்கிறேன். நீ இங்கிருந்தவரை நீயும் தட்டு நிறையச் சாப்பிட்டிருக்கிறாய்.

அப்படியென்றால் உன் பிரசங்கி யாரைத் திட்டினான், மேரி? ராஜியைத்தானே? என் பொண்டாட்டி செத்து ஐந்து மாதத்தில், அவள் பிளாஸ்கில் தண்ணீர் குடித்துவிட்டு, அவளைத்தான் நான் மைக்கில் திட்டியிருக்கிறேன். இது உன் பதினேழு குறிப்பில் எதில் இருக்கிறது?

இன்னொன்று. வாசிக்கச் சொல்லி எங்கே எழுதினேன் என்று கேட்டாய். பிப்ரவரி 9-ஆம் தேதி நீ தாள்களோடு வைத்த சீட்டை ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். "அண்ணா, அரித்துப்போன நான்காம் பகுதிக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். உன் குரலில், நம் ராகத்தில் இதைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. ரெகார்டு பண்ணி அனுப்பு." கையெழுத்து உன்னுடையதுதானே? மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்.

நான் பதினெட்டு வயதில் ஃபாக்டரிக்குள் போய்ப் பித்தளைத் தோட்டாக் கூடு தேய்த்தது, நீ கிரேக்கமும் லத்தீனும் படிப்பதற்காக. படித்துவிட்டு எழுதின எழுத்தையே இல்லையென்று சாதிக்கிறாய்.

உன் பக்கங்களை அனுப்பிவிட்டேன். புத்தகம் போட்டுக்கொள்.

சேவியர்

*

திருச்சி
14 மே 2025

அண்ணா,

சீட்டு என்னுடையதுதான். பொய் சொன்னேன். எழுதியதை மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். அதுவும் பொய். 26-ஆம் தேதி கடிதம் எழுதும்போது அந்தச் சீட்டு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, நீ அதைக் கிழித்துப் போட்டிருப்பாய் என்று நம்பினேன்.

உண்மை இதுதான். அந்த வசையை மொழிபெயர்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிரேக்கத்தில் அது அலை அலையாக வரும். தமிழில் அதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று தேடியபோது நம் கோயில் ராகம்தான் காதில் விழுந்தது. வரிக்கு வரி அந்த ராகத்துக்கு அளந்து வெட்டினேன். மிருகம், வெட்டு என்ற இடம் எல்லாவற்றையும்விட நன்றாக வந்தது, அதை நானே நான்கு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு உட்கார்ந்து பதினேழு குறிப்பு எழுதினேன். குறிப்பு போட்டுவிட்டால் என் கை சுத்தம் என்று நினைத்தேன். ரோஹிணியை நான் நினைக்கவே இல்லை. யூதர் என்று அத்தனை தடவை எழுதினேன், ஒரு தடவைகூட அவள் முகம் வரவில்லை. படித்தவளுக்கு இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

அந்தக் குறிப்புகளை இப்போது திரும்பப் படித்தேன். ஒவ்வொன்றும் சரியான தகவல். ஆனால் பதினேழில் ஒன்றிலும் "இது தவறு" என்ற சொல் இல்லை. தீர்ப்புச் சொல்வது சரித்திரக்காரியின் வேலை இல்லை என்று விட்டுவிட்டேன். அவர் காலத்தில் என்ன பயம், என்ன பழக்கம் என்று எழுதினேன். அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் பிரசங்கங்களைப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, ஆயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்துக்கூட யூதர்களை அழிக்க நினைத்தவர்கள் அவற்றைச் சாட்சியாகக் காட்டினார்கள் என்பதை எழுதவில்லை. காலத்தில் நிறுத்திப் பார்ப்பது என்றால் பின்னால் நடந்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு வசதியான பாதியோடு நின்றுவிட்டேன்.

ராஜி அண்ணி விஷயம் நீ சொன்னது முழுக்கச் சரி. இத்தனை வருஷம் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன், மலிதாத் தட்டு ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. அந்தப் பிரசங்கியார் அப்படிக் கத்தியதற்குக் காரணமே ஜனங்கள் பக்கத்து வீட்டுக்குப் போனதுதான். ஜனங்களுக்குள் பகை இருந்திருந்தால் அவ்வளவு கத்த வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இவ்வளவும் என் தப்பு. இப்போது உன் முறை.

பக்கங்கள் வந்து சேர்ந்தன. இரண்டு கட்டாக வந்தன. மேல் பாதி ஒரு கட்டு, கீழ்ப் பாதி ஒரு கட்டு. ஓரம் நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கிறது. இது கிழிந்ததில்லை அண்ணா, கத்தரியால் வெட்டியது. பதினொரு பக்கத்தையும் உட்கார்ந்து வெட்டியிருக்கிறாய். வெட்டுகிறவனுக்கு அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் இருக்குமா? எட்டாம் பக்கத்தில் குறிப்புக்குப் பக்கத்தில் உன் பென்சில் கோடுகூட இருக்கிறது. நான் என்னவோ நீ வாசிக்க மறந்தாய் என்று நினைத்துத் திட்டினேன். நீ எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வெட்டியிருக்கிறாய். இதை ரோஹிணியிடம் சொன்னாயா? அவள் முன்னால் நின்று கீழ்ப் பாதியைப் படிக்கும்போது, இது ஏன் தனியாக இருக்கிறது என்று அவள் கேட்கவில்லையா?

புத்தகத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பதிப்பகத்தில் கோபம், கல்லூரியிலும் கோபம். இருக்கட்டும்.

நீ கோயிலில் வாசிப்பதற்கு ஒரு பகுதி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ராகத்துக்கு அளந்துதான் எழுதியிருக்கிறேன்.

மேரி

*

போபோடி
19 மே 2025

மேரி,

வெட்டினேன். வாசிக்கிற ஸ்டாண்டு சின்னது, பெரிய தாள் நிற்காது என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வெட்டினேன். ஃபாக்டரியில் முப்பத்தெட்டு வருஷம் அளவு பார்த்த கை, நேராகத்தான் வெட்டும். எட்டாம் பக்கத்தில் இவர் சொந்த ஜனங்களைத்தான் திட்டினார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது. எனக்கு நின்றால் ஜனங்களுக்கும் நிற்கும். ராஜி இல்லாத முதல் பெரிய வெள்ளி, நான் அழ வேண்டும், எல்லோரும் என்னோடு அழ வேண்டும் என்றிருந்தது. யார்மேலாவது கோபப்பட்டு அழ வேண்டியிருந்தது. கிடைத்தவர்கள் யூதர்கள். போதுமா?

ரோஹிணியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லத் துணிவில்லை.

நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். நன்றாக இருக்கிறது, ஆனால் அதிலும் உன் புத்தி போகவில்லை. "அறியாமையால் இவ்வார்த்தைகளை வாசித்தோம்" என்று இரண்டாம் பத்தியில் போட்டிருக்கிறாய். எனக்கு முட்டுக் கொடுக்கிறாயா? யாருக்கு வேண்டும் உன் முட்டு? அதை அடி. வெட்டினேன் என்று எழுது. கத்தரி என்றும் எழுது.

இங்கே வேறு கூத்து நடக்கிறது. சபைக் கமிட்டிச் செயலாளர் ஜெபகுமாரிடம் கேட்டேன், ஞாயிறு பூசைக்குப் பிறகு பத்து நிமிஷம் மைக் வேண்டும் என்று. "எல்லாரும் மறந்துட்டாங்கண்ணே. எதுக்குக் கிளறிக்கினு? அந்தம்மா ஒருத்திக்காக நாம சபையில நின்னு அழணுமா?" என்றான். மறந்துவிட்டார்களாம்! இருநூறு பேரும் அந்த வசையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அது மறதியாம். சாமியாரிடம் போனேன். அந்தப் பிரசங்கியார் நம் புனிதர், ஜாக்கிரதை, தனியாகப் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். தனியாகப் போய்க் கேட்டாயிற்று சாமி, கதவைச் சாத்திக்கொண்டு கேட்காதே என்று அனுப்பிவிட்டாள் என்றேன்.

ஜூன் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. மைக் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி.

சேவியர்

*

திருச்சி
24 மே 2025

அண்ணா,

மாற்றிவிட்டேன். கத்தரி வந்துவிட்டது. உன் வரிக்கு மேலே என் பெயரையும் சேர்த்திருக்கிறேன், "என் தங்கை ஆரோக்கியமேரி இதை அழகுபடுத்தி எழுதினாள்" என்று. அதையும் சத்தமாக வாசி. விழுங்கிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

இதில் அடிக்குறிப்பு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் மேலேயே எழுதிவிட்டேன். வெட்டுவதற்குக் கீழே இடம் விடவில்லை.

மேரி

*

போபோடி
2 ஜூன் 2025, திங்கள்

மேரி,

வாசித்தாயிற்று.

மைக் கொடுக்கவில்லை. பூசை முடிந்து சாமியார் உள்ளே போனதும் நான் நேராகப் போய் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றேன். ஜெபகுமார் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தான். எனக்கு மைக் எதற்கு? ஃபாக்டரி மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அதே ராகத்தில் எடுத்தேன்.

முதல் வரிக்கே பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள், பழக்கம். ஜூன் மாதத்தில் என்ன இழவு ராகம் என்று சில பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "பெரிய வெள்ளியன்று என் வாயிலிருந்து நீங்கள் கேட்டது" என்ற இடம் வந்ததும் சலசலப்பு அடங்கியது. உன் பெயரை வாசித்தேன், விழுங்கவில்லை. கத்தரி என்ற இடத்தில் ஜெபகுமார் எழுந்து வெளியே போனான், அவனோடு இருபது முப்பது பேர் போனார்கள். ஒருவன் வாசலில் நின்று, "புனிதரையே திட்றியா நீ?" என்று கத்தினான். "அவரு பேசனது தப்பு, நான் வாசிச்சது அதவிடத் தப்பு, ஒக்காந்து கேளுடா" என்று நானும் ராகத்தை விட்டுவிட்டுக் கத்தினேன். நீ எழுதியதில் இது இல்லை, நானே சேர்த்துக்கொண்டேன்.

பண்டிகைக்குப் போனவர்கள், நேர்ந்துகொண்டவர்கள் என்று நீ அந்தியோக்கியா ஜனங்களைப் பற்றி எழுதியிருந்தாயே, அங்கே வந்தபோது மூன்றாம் வரிசையில் டெய்லரின் சம்சாரம் பார்வதி எழுந்து நின்றாள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள். "நானும் போயிருக்கேன். ராஜியக்காகூடப் போயி மலிதா துன்னிருக்கேன். எங்க சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தப்போ நேந்துக்கினேன்" என்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி எழுந்தாள். மொத்தம் ஐந்து பேர். எனக்கே தெரியாது மேரி, இத்தனை பேரை ராஜி அழைத்துப் போயிருக்கிறாள் என்று.

பாதியிலேயே தொண்டை கட்டிக்கொண்டது. யாரோ பாட்டிலில் தண்ணீர் நீட்டினார்கள். வாங்கவில்லை. கடைசிப் பக்கத்தில் குரலே இல்லை, காற்றுத்தான் வந்தது. முடித்தேன். பாட்டு எதுவும் இல்லை. ஜனங்கள் அப்படியே கலைந்து போனார்கள்.

கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் ரோஹிணி நின்றுகொண்டிருந்தாள். டியூட்டி யூனிபாரம். தினேஷ் தன் ரஞ்சன்காவ் கம்பெனி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, காலையிலேயே அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அவள் உள்ளே வரவில்லை, சன்னல் பக்கமே நின்று முழுக்கக் கேட்டிருக்கிறாள். நான் பக்கத்தில் போனேன். அவள் முகத்தில் கோபம் போகவில்லை.

"கத்திரியால வெட்டனயா?"

"ஆமா."

"எங்கிட்ட வந்து படிச்சப்போ சொல்லல."

"சொல்லல. தெகிரியம் வரல."

"இத்தினி வருசம் என் வூட்ல சோறு துன்ன கை" என்றாள். பிறகு வண்டியை ஸ்டார்ட் பண்ணினாள். பண்ணிவிட்டுக் கேட்டாள்.

"ராஜி பிளாஸ்கு எங்க?"

"வூட்லதான் கீது."

"மூடி வெச்சிருக்கியா? மூடி வெச்சா நாத்தம் புடிச்சுக்கும். உப்பு போட்டுக் கழுவு, தொறந்து கவுத்து வையி."

பாவூ என்று சொல்லவில்லை. சேவியர் என்றும் சொல்லவில்லை. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

வருவாளா என்று என்னைக் கேட்டு எழுதாதே. எனக்குத் தெரியாது. ஆறு வாரமாக அந்தப் பிளாஸ்கை நான் திறக்கவே இல்லை. பெரிய வெள்ளியன்று அவள் ஊற்றிய சீரகத் தண்ணீர் அடியில் கொஞ்சம் அப்படியே கிடந்தது, அழுகி, பொறுக்க முடியாத நாற்றம். மூன்று தடவை உப்புப் போட்டுக் கழுவினேன். இப்போது சன்னலோரம் கவிழ்த்து வைத்திருக்கிறேன், காய்கிறது.

சேவியர்